எழுதாத இயந்திரத்தை வாசலில் நிறுத்துதல்: ஆல்பைன் லினக்ஸில் ஒரு சிறு தீயரண்

இரண்டு ஈதர்நெட் போர்ட்டுகள் கொண்ட பழைய கணினி ஒன்று கையில் இருந்தால், பத்து இருபது கருவிகள் உள்ள வலையமைப்புக்குப் போதுமான தீயரணை, அதாவது ஃபயர்வாலை, ஒரே நாளில் அமைத்துவிடலாம். இந்த வேலைக்கு ஏற்ற சிற்றியங்குதளங்கள் பல உள்ளன. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஆல்பைன் லினக்ஸ். மஸ்ல் என்ற சிறிய சி நூலகம், பிஸிபாக்ஸ் என்ற ஒரே நிரலுக்குள் அடங்கிய அடிப்படைக் கட்டளைகள், ஓப்பன்ஆர்சி என்ற சேவை மேலாளர் ஆகியவற்றால் ஆன இது அளவில் மிகச் சிறியது என்பது உண்மைதான். ஆயினும் நான் இதைத் தேர்ந்தெடுப்பதற்குச் சிறிய அளவு இரண்டாவது காரணம் மட்டுமே. முதற்காரணம், இதை வட்டில் நிறுவாமலேயே இயக்க முடியும் என்பது. 'டிஸ்க்லெஸ்' எனப்படும் அந்த முறையில் இயங்குதளம் யூஎஸ்பி குச்சியிலிருந்து படிக்கப்பட்டு முழுவதுமாக நினைவகத்தில் ஏறிக்கொள்ளும். அதன்பிறகு நாம் வெளிப்படையாகக் கட்டளையிடும் வரை எந்த மாற்றத்தையும் குச்சியில் எழுதாது.

தீயரணுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, தொலைவிலிருந்து ஒரு விதியை மாற்றித் தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். இந்த முறையில் அப்படி நேர்ந்தால் இயந்திரத்தை மறுதுவக்கினால் போதும். கடைசியாகச் சேமித்த நல்ல நிலைக்கு அதுவே திரும்பிவிடும். இதே மறதி நம்மைக் காலை வாரியும் விடும். ஒருமுறை நான் ஒரு விதியைச் சேர்த்து, அது சரியாக வேலை செய்வதைப் பார்த்துத் திருப்தியடைந்து, சேமிக்காமலே விட்டுவிட்டேன். பல மாதங்கள் கழித்து மின்சாரம் போய் வந்தபோது அந்த விதியும் போயிருந்தது, அதை எதற்காக எழுதினேன் என்ற நினைவும் போயிருந்தது. கீழே சொல்லப்படும் படிகளில் பாதி, இந்த மறதியை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்துவதைப் பற்றியவை.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பெயர்ப்பில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும்.

யூஎஸ்பி குச்சியைத் தயார் செய்தல்

புதிதாக முயல்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது முதற்படியிலேயே. ஆல்பைனின் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவல் வட்டின் நகலை, டிடி போன்ற ஒரு கருவியால் குச்சியின் மேல் அப்படியே எழுதிவிட்டால் கணினி துவங்கும், எல்லாம் நன்றாகத்தான் தோன்றும். ஆனால் குச்சியில் இப்போது இருப்பது குறுந்தகட்டுக்கான கோப்பு முறைமை, அது படிக்க மட்டுமே உரியது, ஆகவே அமைப்புகளைச் சேமிக்க அங்கே இடமிருக்காது. இதைத் தவிர்க்க, குச்சியில் ஃபேட்32 பகிர்வு ஒன்றை உருவாக்கி, ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கோப்புகளை அதில் நகலெடுக்க வேண்டும். புதிய யூஇஎஃப்ஐ துவக்கமுறை கொண்ட கணினியாக இருந்தால் இந்த நகலே துவக்கத்துக்குப் போதும். பழைய பயாஸ் கணினியாக இருந்தால், முதலில் டிடி முறையில் எழுதிய ஒரு குச்சியிலிருந்து ஆல்பைனைத் துவக்கி, அங்கிருந்து 'செட்டப்-பூட்டபிள்' என்ற கட்டளையைக் கொண்டு இரண்டாவது குச்சியை முறையாக உருவாக்கிக்கொள்ளலாம். இயங்குதளத்தை ஒரு குச்சியிலும் அமைப்புகளை இன்னொரு குச்சியிலும் வைத்துக்கொள்வதும் முடியும், ஏனெனில் ஆல்பைன் துவங்கும்போது இணைக்கப்பட்ட எல்லாச் சேமிப்பகங்களிலும் தன் அமைப்புக் கோப்பைத் தேடிப் பார்க்கும்.

நினைவகம் ஒரு ஜிகாபைட் இருந்தால் தாராளம். ஈதர்நெட் போர்ட் ஒன்றுதான் இருக்கிறது என்றால் யூஎஸ்பி வழியாக இன்னொன்றைச் சேர்க்கலாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு இயக்கி நிரல்களைப் பயன்படுத்தும்போது எது ஈத்0, எது ஈத்1 என்ற வரிசை மாறக்கூடும். வெளிப்பக்கமும் உட்பக்கமும் இடம் மாறிய தீயரண், தாழ்ப்பாளை வெளிப்புறம் பொருத்திய கதவுக்கு ஒப்பானது. ஆகவே ஒரே அட்டையில் இரண்டு போர்ட்டுகள் இருப்பதையே நான் விரும்புவேன். எப்படியிருந்தாலும் ஒவ்வொன்றின் மேக் முகவரியையும் (போர்ட்டுக்குரிய வன்பொருள் எண்) எழுதி, இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவைத்துவிடுவது நல்லது.

முதல் அமைப்பு

கணினி துவங்கியதும் ரூட் என்ற பெயரில் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே நுழைந்து 'செட்டப்-ஆல்பைன்' கட்டளையைக் கொடுத்தால், அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகும். கணினிக்கு ஒரு பெயரை முதலிலேயே யோசித்துக் கொடுத்துவிடுங்கள். சேமிப்புக் கோப்பு அந்தப் பெயரைத் தாங்கியே உருவாகும் என்பதால், பின்னால் பெயரை மாற்றினால் குச்சியில் இரண்டு சேமிப்புக் கோப்புகள் சேர்ந்து குழப்பம் வரும். வெளிப்பக்க இடைமுகமான ஈத்0 தன் முகவரியை, முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி மூலம் பெறட்டும். உட்பக்கமான ஈத்1-க்கு நிலையான முகவரி ஒன்றைக் கொடுக்க வேண்டும். தனிப்பட்ட வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட மூன்று தொகுதிகளில் 192.168 என்று தொடங்குவது எல்லாருக்கும் பழக்கமானது. ஆனால் இணையச் சேவை தரும் மோடம் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையைத் தானே பயன்படுத்திக்கொண்டிருக்கும். இரு பக்கமும் ஒரே வரிசை அமைந்தால் எந்தப் பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, எங்கே போக வேண்டும் என்பது இயந்திரத்துக்கே தெரியாமல் போகும். ஆகவே 192.168.50.1 போன்று சற்று விலகிய முகவரியைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்ற கேள்விக்கு 'நன்' என்று பதிலளிக்க வேண்டும். அமைப்புகளை எங்கே சேமிப்பது என்று அடுத்து கேட்கும்போது குச்சியின் பெயரைச் சொல்லுங்கள். ஏபிகே எனப்படும் ஆல்பைனின் மென்பொருள் தொகுப்புகளுக்கான தற்காலிகச் சேமிப்பிடம் பற்றிய கேள்வியைப் பலர் அலட்சியமாகத் தாண்டிவிடுகிறார்கள்; அதையும் குச்சியிலேயே அமைப்பது கட்டாயம். காரணம் இதுதான்: டிஸ்க்லெஸ் முறையில் ஒவ்வொரு துவக்கத்தின்போதும் கூடுதல் தொகுப்புகள் புதிதாக நினைவகத்தில் நிறுவப்படுகின்றன, அந்தத் தொகுப்புகள் குச்சியில் இல்லாவிட்டால் இணையத்திலிருந்துதான் வர வேண்டும், ஆனால் இணையத்துக்கு வழிவிட வேண்டிய இயந்திரமே இதுதான்.

பிறகு 'ஏபிகே ஆட்' கட்டளையால் தீயரண் விதிகளுக்கான என்எஃப்டேபிள்ஸ், உட்பக்கக் கருவிகளுக்கு முகவரியும் பெயர்த்தேடலும் தரும் டிஎன்எஸ்மாஸ்க் ஆகிய இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள். நேரத்தை ஒழுங்குபடுத்தும் குரோனியும் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையும் முந்தைய கேள்விகளிலேயே தேர்வாகியிருக்கும். இதற்கு மேல் எதையும் நிறுவ வேண்டாம் என்பது என் கருத்து. கோப்புப் பகிர்வு, கண்காணிப்புக் கேமராப் பதிவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், சிற்றியங்குதளத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

பாக்கெட்டுகளைக் கடத்துதல்

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் தனக்கு உரியதல்லாத பாக்கெட்டை இயல்பாக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கடத்துவதில்லை. அதை அனுமதிக்க, ஈடிசி அடைவிலுள்ள சிஸ்சிடிஎல்.டி என்ற உள்ளடைவில் ஒரு கோப்பை உருவாக்கி, 'நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட்' என்ற மாறிக்கு 1 என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஆனால் விதிகள் தயாராவதற்கு முன் இதைச் செய்து வெளிக்கம்பியையும் செருகிவைப்பது முறையன்று. விதிகளை எழுதும் வேலை முழுவதையும் வெளிக்கம்பி இல்லாமலே செய்து முடிக்கலாம்.

விதிகள்

2014 ஜனவரியில் வெளியான கெர்னல் 3.13 முதல் லினக்ஸில் இடம்பெற்றுள்ள என்எஃப்டேபிள்ஸ், பழைய ஐபிடேபிள்ஸைவிட இரண்டு வகையில் நமக்கு உதவுகிறது. ஒன்று, 'ஐநெட்' வகை அட்டவணை ஒன்றை உருவாக்கினால் இணைய முகவரிமுறையின் பழைய, புதிய வடிவங்களான ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் ஒரே விதித்தொகுப்பு பொருந்தும். இரண்டு, ஒரு கோப்பிலுள்ள விதிகள் அனைத்தும் ஒரே மூச்சில் ஏற்றப்படும். நடுவில் எழுத்துப்பிழை இருந்தால் ஒன்றுமே ஏற்றப்படாமல் பழைய விதிகளே தொடரும். இந்த இரண்டாவது பண்பை முழுமையாகப் பெற, ஈடிசி அடைவிலுள்ள என்எஃப்டேபிள்ஸ்.என்எஃப்டி கோப்பின் முதல் வரியாக 'ஃப்ளஷ் ரூல்செட்' என்று எழுத வேண்டும். அப்போதுதான் பழையதை அழிப்பதும் புதியதை ஏற்றுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாகின்றன.

அட்டவணைக்குள் மூன்று சங்கிலிகள் தேவை. தீயரண் இயந்திரத்தை நோக்கியே வருபவற்றுக்கு 'இன்புட்', அதைக் கடந்து செல்பவற்றுக்கு 'ஃபார்வர்ட்', முகவரி மாற்றத்துக்கு 'போஸ்ட்ரவுட்டிங்'. முதல் இரண்டின் இயல்புக் கொள்கையும் 'ட்ராப்' என்றே இருக்க வேண்டும்: பெயர் சொல்லி அனுமதிக்கப்படாத எதுவும் உள்ளே வராது.

இன்புட் சங்கிலியில் முதலில் ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளையும் அவற்றோடு தொடர்புடையவற்றையும் அனுமதியுங்கள். செல்லாத நிலையில் உள்ளவற்றைக் கைவிடுங்கள். இயந்திரம் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் 'எல்ஓ' இடைமுகத்தை அனுமதியுங்கள். அடுத்து, ஈத்1 வழியாக வருபவற்றில் எஸ்எஸ்எச்சுக்கான டிசிபி போர்ட் எண் 22, பெயர்த்தேடலுக்கான 53 (யூடிபி, டிசிபி இரண்டிலும்), முகவரி வழங்கலுக்கான யூடிபி 67 ஆகியவற்றை அனுமதியுங்கள். பிங் கேள்விகளுக்குப் பதிலளிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை மறைத்து இயந்திரத்தைக் காணாமற்போகச் செய்துவிடலாம் என்ற நம்பிக்கைக்குப் பெரிய அடிப்படை கிடையாது, பழுது பார்க்கும் நாளில்தான் அந்த மறைப்பு நமக்கே வினையாகும். ஈத்0 பக்கத்திலிருந்து எஸ்எஸ்எச்சை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள்.

ஃபார்வர்ட் சங்கிலி இதைவிடச் சிறியது. நிலைபெற்ற இணைப்புகளுக்கு அனுமதி, ஈத்1-இலிருந்து வந்து ஈத்0 வழியாக வெளியேறுபவற்றுக்கு அனுமதி, அவ்வளவுதான். போஸ்ட்ரவுட்டிங்கில் ஈத்0 வழியாக வெளியேறும் ஐபிவி4 பாக்கெட்டுகளுக்கு 'மாஸ்கரேட்' என்ற ஒரே விதி. உள்ளேயுள்ள எல்லாக் கருவிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தோன்றுவது இதனால்தான்.

இடைமுகங்களைக் குறிப்பிடும்போது 'ஐஐஎஃப்' என்று எழுதாமல் 'ஐஐஎஃப்நேம்' என்றே எழுத வேண்டும் என்பதை இங்கே வலியுறுத்துகிறேன். முதலாவது சொல், விதி ஏற்றப்படும் கணத்திலேயே அந்த இடைமுகத்தின் உள் எண்ணைத் தேடும். இடைமுகம் அப்போது உருவாகியிருக்காவிட்டால் கோப்பு முழுவதும் நிராகரிக்கப்படும். வலையமைப்பு எழுவதற்கு முன்பே விதிகள் நிலைகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புவதால், பெயரை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டாவது சொல்லே நமக்கு உகந்தது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் அவர்களின் வெளிப்பக்க இடைமுகமான பிபிபி0 இணைப்பு ஏற்பட்ட பிறகுதான் பிறக்கிறது. அவர்கள் விதிகளிலும் ஈத்0 என்பதற்குப் பதிலாக பிபிபி0 என்றே எழுத வேண்டும்.

பிபிபிஓஇ பற்றி இன்னொரு சொல். அதன் தலைப்புப் பகுதி 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், பாக்கெட்டின் உச்ச அளவு 1500-இலிருந்து 1492 ஆகக் குறைகிறது. உள்ளேயுள்ள கணினிகளுக்கு இது தெரியாது. பிங் வேலை செய்யும், பெயர்த்தேடல் வேலை செய்யும், சில தளங்கள் மட்டும் பாதியில் நின்று சுழன்றுகொண்டே இருக்கும். விதிகளில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வைக்கும் அறிகுறி இது. ஃபார்வர்ட் சங்கிலியின் தொடக்கத்தில், டிசிபியின் 'சின்' பாக்கெட்டுகளில் உள்ள உச்சத் துண்டளவைப் பாதையின் எம்டியூவுக்கு, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவுக்கு, ஏற்ப மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஐபிவி6-க்கு முகவரி மாற்றம் என்ற திரை கிடையாது. உள்ளேயுள்ள ஒவ்வொரு கருவியும் வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரியைப் பெறும் என்பதால், அங்கே ஃபார்வர்ட் சங்கிலி ஒன்றுதான் காவல். அதே வேளையில் ஐபிவி6-இன் கட்டுப்பாட்டுச் செய்திகளான ஐசிஎம்பிவி6-ஐ முழுவதுமாக அடைத்துவிடவும் கூடாது. அண்டைக் கருவிகளைக் கண்டறிவதும் வழிகாட்டி அறிவிப்புகளும் 'பாக்கெட் பெரிது' என்ற அறிவிப்பும் அதன் வழியாகவே நடக்கின்றன. முகவரி வழங்கும் சேவையகத்தின் பதில் யூடிபி 546-க்கு வருவதையும் இன்புட்டில் தனியே அனுமதிக்க வேண்டும். பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு: ஐபிவி6 கடத்தலை இயக்கியவுடன் லினக்ஸ், வெளிப்பக்கத்திலிருந்து வரும் வழிகாட்டி அறிவிப்புகளைப் புறக்கணிக்கத் தொடங்கும், ஈத்0-க்குரிய 'அக்செப்ட்_ஆர்ஏ' மதிப்பை 2 என்று வைத்தால்தான் மீண்டும் ஏற்கும். முதல் நாளில் ஐபிவி4-ஐ மட்டும் சரிசெய்துவிட்டு, ஐபிவி6-ஐப் பிறகு தனியாக அணுகுவதே நல்லது.

முகவரியும் பெயரும்

டிஎன்எஸ்மாஸ்க்கின் அமைப்புக் கோப்பில், அது கவனிக்க வேண்டிய இடைமுகம் ஈத்1 மட்டுமே என்பதையும், 'பைண்ட்-இன்டர்ஃபேசஸ்' என்ற சொல்லையும், 192.168.50.100 முதல் 192.168.50.199 வரை 12 மணி நேரத்துக்கு வழங்கலாம் என்பதையும் எழுதுங்கள். டிஸ்க்லெஸ் முறையில் மறக்கக் கூடாத இன்னொரு சொல் 'டிஎச்சிபி-அத்தாரிட்டேட்டிவ்'. யாருக்கு எந்த முகவரி கொடுக்கப்பட்டது என்ற பட்டியல் வார் அடைவில் இருப்பதால் மறுதுவக்கத்தில் அது அழிந்துவிடும். இந்தச் சொல் இருந்தால், ஏற்கெனவே முகவரி வைத்திருக்கும் கருவி புதுப்பிக்கக் கேட்கும்போது டிஎன்எஸ்மாஸ்க் தயங்காமல் அதே முகவரியை உறுதிசெய்து, பட்டியலை மீண்டும் கட்டிக்கொள்ளும்.

சோதித்த பிறகே சேமித்தல்

இனி வருவதுதான் இம்முறையின் உயிர்நாடி. விதிக்கோப்பை எழுதியதும் 'என்எஃப்டி -சி -எஃப்' என்ற வடிவில் கட்டளை கொடுத்தால், ஏற்றாமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும். அது பிழையின்றி முடிந்ததும், விதிகளை ஏற்றுவதற்கு முன்பாக, 300 விநாடிகள் காத்திருந்து மறுதுவக்கும் ஒரு சிறு வேலையை, இணைப்பு அறுந்தாலும் அதைத் தொடரவைக்கும் 'நோஹப்' துணையுடன் பின்னணியில் ஓடவிடுங்கள். அதன்பிறகே 'என்எஃப்டி -எஃப்' கொடுத்து விதிகளை ஏற்றுங்கள். புதிய விதி உங்களை வெளியே தள்ளிவிட்டால் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். இயந்திரம் மறுதுவங்கி, நினைவகத்தில் மட்டுமே இருந்த தவறான கோப்பை மறந்து, கடைசியாகச் சேமித்த நிலையில் எழுந்து நிற்கும். வட்டில் நிறுவிய இயங்குதளத்தில் இதே தந்திரம் பலிக்காது, ஏனெனில் அங்கே திருத்திய கோப்பு திருத்தியபடியே வட்டில் இருக்கும்.

சோதிக்கும்போது கையிலிருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பு உயிரோடு இருப்பதை வைத்து எல்லாம் சரி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. விதிகளை அழித்து ஏற்றினாலும், இணைப்புகளின் நிலையைக் கெர்னல் தனியே நினைவில் வைத்திருக்கிறது. பழைய இணைப்பு 'நிலைபெற்றது' என்ற முதல் விதியாலேயே தப்பித்துக்கொண்டிருக்கும், புதிய இணைப்போ அடைக்கப்பட்டிருக்கும். இன்னொரு முனையத்திலிருந்து புதிதாக நுழைந்து பாருங்கள். உள்ளேயுள்ள ஒரு கணினியிலிருந்து சில தளங்களைத் திறந்து பாருங்கள். வெளியிலிருந்து, எடுத்துக்காட்டாகக் கைப்பேசியின் தரவு இணைப்பின் வழியாக, டிசிபி, யூடிபி போர்ட்டுகளை வருடிப் பார்த்து எதுவும் திறந்திருக்கவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். இவை சரியாக இருந்தால் பின்னணி வேலையை நிறுத்திவிடுங்கள்.

இப்போது 'ஆர்சி-அப்டேட்' மூலம் என்எஃப்டேபிள்ஸை 'பூட்' நிலையிலும் டிஎன்எஸ்மாஸ்க்கை 'டிஃபால்ட்' நிலையிலும் சேர்த்துவிட்டு, ஆல்பைனின் சேமிப்புக் கருவியான எல்பியூவிடம் 'எல்பியூ ஸ்டேட்டஸ்' என்று கேட்டுப் பாருங்கள். சேமிக்கப்படாத மாற்றங்கள் வரிசையாகத் தெரியும். 'எல்பியூ கமிட்' கொடுத்ததும் ஈடிசி அடைவில் செய்த மாற்றங்கள் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாகக் குச்சியில் எழுதப்படும். ஈடிசிக்கு வெளியே இருப்பவை இயல்பாக இதில் சேரா. ரூட் பயனரின் எஸ்எஸ்எச் சாவிகள் அந்தப் பயனரின் சொந்த அடைவில் இருப்பதால், அதை 'எல்பியூ இன்க்ளூட்' மூலம் சேர்க்காவிட்டால் அடுத்த துவக்கத்தில் சாவியை ஏற்க மறுக்கும் இயந்திரத்தின் முன் நிற்க நேரிடும். எல்பியூவின் அமைப்புக் கோப்பில் 'பேக்அப்_லிமிட்' என்ற மாறிக்கு 3 போன்ற மதிப்பைக் கொடுத்தால் முந்தைய பதிப்புகளும் காக்கப்படும். தேவைப்படும்போது 'எல்பியூ ரிவர்ட்' கொண்டு பின்செல்லலாம். அந்தச் சிறு கோப்பின் நகல் ஒன்றை வேறொரு கணினியிலும் வைத்திருங்கள். குச்சி பழுதானால், புதிய குச்சியில் ஆல்பைனையும் இந்தக் கோப்பையும் நகலெடுத்துத் துவக்கினால் அதே தீயரண் திரும்பக் கிடைத்துவிடும். புதிய குச்சியில் தொகுப்புகள் இராது என்பதால் அந்த முதல் துவக்கத்தின்போது மட்டும் அதற்கு வேறு வழியில் இணையம் தேவைப்படலாம். தொகுப்புகளின் அடைவையும் சேர்த்து நகலெடுத்து வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

கடைசிச் சோதனை ஒன்று உண்டு, அதைத் தவிர்க்காதீர்கள். வெளிக்கம்பியைப் பிடுங்கிவிட்டு, முறையாக நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுங்கள். இணையமே இல்லாத நிலையில் தொகுப்புகள் குச்சியிலிருந்து நிறுவப்பட்டு, விதிகள் ஏறி, உள்ளேயுள்ள கருவிகளுக்கு முகவரி கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் தொகுப்புகளின் சேமிப்பிடம் சரியாக அமையவில்லை என்று பொருள்.

நாளடைவில்

பதிவேடுகளும் நினைவகத்திலேயே இருக்கும். பிஸிபாக்ஸின் சிஸ்லாக் இயல்பாக 200 கிலோபைட்டில் கோப்பைச் சுழற்றிவிடுவதால் நினைவகம் நிரம்பும் அச்சம் இல்லை. ஆனால் மறுதுவக்கத்துக்கு முன் என்ன நடந்தது என்பது தெரியாமல் போகும். அது தேவைப்படுவோர் '-ஆர்' தெரிவைப் பயன்படுத்திப் பதிவுகளை வேறொரு கணினிக்கு அனுப்பலாம். கைவிடப்பட்ட ஒவ்வொரு பாக்கெட்டையும் பதியச் சொல்லாதீர்கள். நிமிடத்துக்கு ஐந்து என்பது போன்ற வரம்பு விதித்தாலே போக்கு தெரிந்துவிடும்.

நிலைபெற்ற டிசிபி இணைப்பு ஒன்றைக் கெர்னல் இயல்பாக 4,32,000 விநாடிகள், அதாவது ஐந்து நாள், நினைவில் வைத்திருக்கும். சிறிய இயந்திரத்துக்கு இது அளவுக்கு மீறியது. ஒரு நாளாகக் குறைக்கலாம். 2 மணி 4 நிமிடத்துக்குக் கீழே மட்டும் இறக்க வேண்டாம், முகவரி மாற்றக் கருவிகளுக்கு ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தர ஆவணம் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு அது.

ஆல்பைன் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. 'ஏபிகே அப்கிரேட்' தொகுப்புகளைப் புதுப்பிக்கும், ஆனால் டிஸ்க்லெஸ் முறையில் கெர்னல் குச்சியிலுள்ள தனிக் கோப்பாக இருப்பதால் அதை இது தொடாது. தொகுப்புகள் எல்லாம் புதியனவாக இருந்தும் கெர்னல் மட்டும் இரண்டு ஆண்டு பழையதாக இருக்கும் தீயரண்கள் இப்படித்தான் உருவாகின்றன. புதிய பதிப்பு வரும்போது, இரண்டாவது குச்சி ஒன்றில் அதைத் தயார்செய்து, சேமிப்புக் கோப்பை அதில் நகலெடுத்து, தொகுப்புக் களஞ்சிய முகவரிகளில் பதிப்பு எண்ணை மாற்றி, அந்தக் குச்சியிலிருந்து துவக்கி, 'ஏபிகே அப்கிரேட்', 'ஏபிகே கேஷ் சிங்க்', 'எல்பியூ கமிட்' ஆகியவற்றை இதே வரிசையில் கொடுங்கள். ஏதேனும் ஒத்துவராவிட்டால் பழைய குச்சியைத் திரும்பச் செருகிக்கொள்ளலாம். ஆகவே புதியது ஒரு வாரம் சிக்கலின்றி ஓடும்வரை பழையதை அழிக்காமல் வைத்திருங்கள்.